ஓரீதா கை காட்டிய இடம்

ஓரீதா கிம்ப்ரோ நல்லவள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவளாக இருந்தால் டெல்ராய் ஸ்டக்கியை எப்போதோ மன்னித்திருப்பாள். எங்கள் பாஸ்டர் வாராவாரம் அதைத்தான் பிரசங்கம் செய்கிறார். ஓரீதா முன்வரிசையில் உட்கார்ந்து முழுவதையும் கேட்பாள், பாட்டுக்கு எழுந்து நிற்பாள், ஆமென் சொல்வாள். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வண்டியில இருந்து என் தங்கச்சி பேரை எடுக்காம நான் சாக மாட்டேன் எர்லீன்" என்பாள். மூன்று வருஷமாக இதே பேச்சு.

எர்லீன் என்றால் நான். தெற்கு ஜார்ஜியாவில் பைன் காட்டுக்கு நடுவே இருக்கும் எங்கள் பந்தயப் பாதையின் வாசலில், வண்டி போட்டு மீன் வறுத்து விற்கிறேன். ஜன்னலில் நின்றால் புறப்படும் கோடு நேராகத் தெரியும். எவன் டயர் சுழன்றது, எவன் பொய் சொல்கிறான் என்பதெல்லாம் எண்ணெய் காயும் நேரத்தில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது.

ஓரீதா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அதில் ஒரு குலுக்கல் இருக்காது, குழந்தைகள் தூங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அதே பெண்மணி ஆயிரத்து ஐந்நூறு குதிரைத்திறன் உள்ள ஒரு பழைய மாலிபு காரில் ஏறி உட்காருவாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து கட்டிய வண்டி அது. எஞ்சின் வேலை அக்காள், ஓட்டுவது தங்கை லவோன். லவோனுக்குச் சிறுநீரகம் கெட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வருகிற வழியில், வீட்டுக்குப் போகாமல் ஷெட்டுக்கு விடச் சொல்வாள். வண்டிக்குள் ஏற முடியாத நாளில்கூட, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்காளை விரட்டுவாள். அவள் போன பிறகு ஓரீதா பின் கண்ணாடியில் பெரிய மஞ்சள் எழுத்தில் லவோன் என்று எழுத வைத்தாள். அழவில்லை. மறு ஞாயிறே தானே ஓட்ட வந்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பேர் இல்லாமல் ஓட்ட மாட்டார்கள். இரண்டு பேருக்குள் வீம்பு முற்றினால் பேரையே பந்தயம் கட்டுவார்கள். தோற்றவன் தன் வண்டியில் இருக்கும் பேரைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஜெயித்தவன் அதைத் தன் வண்டியில் எழுதிக்கொள்ளலாம். கேட்கிற உங்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியும். இங்கே அதற்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று போயிருக்கிறது.

டெல்ராய் ஸ்டக்கி பழைய டயர்க் கடை வைத்திருப்பவன். சர்ச்சில் பாட்டுக் குழுவில் தடித்த குரல் அவனுடையதுதான். சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லவோன் போய் ஒரு வருஷம் ஆவதற்குள் அவன் ஓரீதாவைச் சீண்டினான். "வண்டி தங்கச்சியோடதுதானே. உன் காலுக்கு அது அடங்குமா? பேரை வச்சு ஓட்டிப் பாப்போமா?" என்றான். பத்துப் பேர் நடுவில் கேட்டான். ஓரீதா சரி என்றுவிட்டாள். பெட்டி கிடையாது, கால் மட்டும் என்று பேச்சு.

பெட்டி என்று நாங்கள் சொல்வது டிராக்‌ஷன் கன்ட்ரோலை. இவ்வளவு பலம் உள்ள வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றும். கால் பழகியவர்கள் இம்மி இம்மியாக விட்டுப் பிடித்து மிதிப்பார்கள். அதற்குத்தான் வருஷக்கணக்கில் பாடுபடுவது. பெட்டி வைத்தவனுக்கு அந்தப் பாடு இல்லை. சக்கரம் பிடி விட்டால் பின்னால் போகும் ஷாஃப்டின் வேகம் எகிறும், பெட்டி அதைக் கண்டுகொண்டு எஞ்சினின் தீப்பொறியைக் கண்ணிமைக்கும் நேரம் தாமதப்படுத்தும், பலம் குறைந்து டயர் மறுபடி தரையைக் கவ்விக்கொள்ளும். அவன் மிதித்த கால் மிதித்தபடியே இருக்கலாம். சத்தத்தில் மட்டும் ஒரு திக்கல் கேட்கும்.

அன்றைக்கு டெல்ராயின் வண்டி திக்கியது. நான் கேட்டேன், ஓரீதாவும் கேட்டாள். ஓரீதாவின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, அவன் தண்டவாளத்தில் போவதுபோலப் போய்விட்டான்.

சந்தேகம் வந்தால் கேட்பதற்கும் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டத்துக்கு முன்போ பின்போ, எதிராளி வண்டியில் ஒரே ஓர் இடத்தைக் கை காட்டலாம். அந்த இடத்தைத் திறந்தாக வேண்டும். பெட்டி இருந்தால் அவன் தோற்றான். இல்லையென்றால் கை காட்டியவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், பதிலுக்கு எதிராளியும் ஓர் இடத்தைக் காட்டலாம். முழு வண்டியையும் பிரித்துக் காட்ட இங்கே எவனும் சம்மதிக்க மாட்டான். அவனவன் வித்தை அவனவனுக்கு.

ஓரீதா அவன் வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் கை காட்டினாள். பாதையின் சொந்தக்காரர் மிஸ்டர் பூத் தானே குனிந்து திறந்தார். ஒன்றும் இல்லை.

"என் முறை வேணாம் தங்கச்சி," என்றான் டெல்ராய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "உன் வண்டியில திறந்து பாக்க என்ன இருக்கு?"

ஓரீதா பிளேடு வாங்கிப் பின் கண்ணாடியில் இருந்த பேரைத் தன் கையால் சுரண்டினாள்.

அதோடு விட்டிருந்தால் நான்கூட அவளுக்குப் புத்தி சொல்லியிருப்பேன். அவன் விடவில்லை. லவோன் என்று தன் வண்டியின் இரண்டு கதவிலும் எழுதினான். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "லவோனுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல. ரெண்டு அடி போட்டாத்தான் கிளம்புவா" என்பான். கூட்டம் சிரிக்கும். "நேத்து முழுக்க லவோன் மேலதான் இருந்தேன், இடுப்பு விட்டுப்போச்சு" என்பான். அதற்கும் சிரிக்கும். அலபாமாவிலிருந்து வந்த ஒருவன் அவனை ஜெயித்துவிட்டு, "லவோனை மண்ணைக் கவ்வ வச்சாச்சு" என்று கத்தினான். ஓரீதா அப்போது என் ஜன்னலில் ரொட்டியும் மீனுமாக நின்றிருந்தாள். மெல்லுவதை நிறுத்தவில்லை. கண் மட்டும் சிவந்து போயிற்று. சர்ச் விருந்தில் அதே டெல்ராய், கோழிக்கறித் தட்டை அவள் பக்கம் நீட்டி, "சாப்பிடுங்க சிஸ்டர்" என்றான். அந்தத் தட்டை அவன் முகத்திலேயே அறைந்திருக்க வேண்டும். அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு நன்றி சொன்னாள். இவள் எதையோ மனசில் வைத்துப் பொத்திக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

போன குளிர்காலத்தில் ஓரீதா ஒரு பெட்டி வாங்கினாள். ஒளித்து வாங்கவில்லை. டெல்ராயின் கடையில் நின்றுகொண்டே, "அதுக்கு ஷாஃப்ட்ல மாட்டுற காந்த வளையம் எந்த அளவு வாங்கணும்?" என்று அவனிடமே கேட்டாள். ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ஷாஃப்டில் வளையம் மாட்டினாள், வேகம் எண்ணுகிற சென்சாரை முடுக்கினாள், தீப்பொறிக்குப் போகும் வயரை வெட்டிப் பெட்டி வழியாக இழுத்தாள். எல்லாம் தன் ஷெட்டில், கதவைத் திறந்து போட்டுக்கொண்டு. பெட்டிக்கு எவ்வளவு வேகத்துக்கு மேல் விடாதே என்று கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்காக ஞாயிறுதோறும் பாதையில் தனியாக ஓட்டிப் பார்த்தாள். வண்டி திக்கித் திக்கி, நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

"நல்லாத்தானே போகுது, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"யாரோ என் கால் மேல காலை வச்சு அழுத்துற மாதிரி இருக்கு. லவோன் பாத்தா காறித் துப்புவா."

"அப்புறம் எதுக்குடி இதைக் கட்டிட்டு அழுற?"

"எல்லாரும் கேட்டாங்களா?"

"எதை?"

"திக்குறதை."

"பக்கத்து ஊர்ல கேட்டிருக்கும்."

"சரி. ரெண்டு மீன் போடு. காரம் தூக்கலா."

வெயில் ஏற ஆரம்பித்த ஒரு ஞாயிறு அவள் டெல்ராயிடம் போனாள். அவன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வேகவைத்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் அவன் ஆட்கள்.

"அடுத்த வாரம் ஓட்டலாம். பேரை வச்சு," என்றாள்.

"உன்கிட்ட பேரு இல்லையே தங்கச்சி. எதை வைப்ப?"

"வண்டிய வைக்கிறேன். நான் தோத்தா நீயே உன் டிரெய்லர்ல ஏத்திட்டுப் போ. நான் ஜெயிச்சா உன் கதவுல இருக்கிற பேரு போகணும்."

அவன் உரிப்பதை நிறுத்தினான். அந்த எஞ்சின் மேல் அவனுக்கு எத்தனை நாள் கண் என்று எல்லோருக்கும் தெரியும். "பெட்டியோடவா, பெட்டி இல்லாமலா?"

"கால் மட்டும். பெட்டியக் கழட்டிடறேன்."

"கழட்டிடுவியா?" அவன் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "நீ சொன்னா சரிதான்."

அந்த வாரம் முழுக்க நான் அவளைத் திட்டினேன். வண்டி போய்விட்டால் அவளிடம் தங்கை என்று சொல்ல என்ன மிச்சம்? மறுபடியும் அவன் ஏமாற்றத்தானே போகிறான், மறுபடியும் ஒரே இடம்தானே காட்ட முடியும், எங்கே என்று உனக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "தெரியாது," என்றாள். பெட்டியை மட்டும் கழற்றி, துணியில் சுற்றி, என் மீன் வண்டியின் அலமாரியில் மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்தாள். நான்தான் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கூட்டம் வந்துவிட்டது. பிற்பகல் வெயிலில் பாதை எண்ணெய் பூசியதுபோல வழுக்கிக் கிடந்தது. ஓரீதா பந்தயத்துக்கு முன்னால் ஒரு தரம் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றாள். புறப்பட்டாள். வண்டி திக்கியது. முன்பு கேட்ட அதே திக்கல். நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்ச் சேர்ந்தாள்.

நான் மாவு மூட்டையை நகர்த்திப் பார்த்தேன். பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. இன்னொன்று வாங்கிவிட்டாளா? என்னிடமே மறைத்தாளா? கூட்டத்தில் ஒரே இரைச்சல். டெல்ராயின் ஆட்கள் அவன் தோளைத் தட்டித் தட்டிக் காட்டினார்கள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இன்னும் அகலமாயிற்று. ஓடாமலே வண்டி கைக்கு வரப்போகிறது என்று கணக்குப் போட்டுவிட்டான். ஓரீதா திரும்பி வந்து புறப்படும் கோட்டுக்குப் பின்னால் நிறுத்தியதும், மிஸ்டர் பூத்திடம் போய் மைக்கை வாங்கினான்.

"கிம்ப்ரோ சிஸ்டர் சர்ச்சுல பொய் சொல்ல மாட்டாங்க. இங்க சொல்றாங்க," என்றான். "நான் கை காட்டுறேன்."

கூட்டம் ஓ என்றது. ஓரீதா கதவைத் திறந்து இறங்கினாள். தலைக்கவசத்தைக் கூடக் கழற்றவில்லை.

டெல்ராய் மாலிபுவை ஒரு சுற்றுச் சுற்றினான். டேஷ்போர்டைப் பார்க்கவே இல்லை. சீட்டுக்கு அடியில் குனியவில்லை. நேராக டிக்கிக்குப் போய்த் திறக்கச் சொன்னான். டிக்கியில் எல்லோர் வண்டியிலும் இருக்கிற மாதிரி இரண்டு பேட்டரி. "இந்த வலது பக்கத்துப் பேட்டரி. மேல் மூடியப் பேத்துப் பாருங்க," என்றான். "உள்ள வெறும் கூடாத்தான் இருக்கும்."

பேட்டரிக்குள் யாராவது தேடுவார்களா? மிஸ்டர் பூத்தே ஒரு நிமிஷம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு நெம்பித் திறந்தார். உள்ளே ஈயத் தகடும் அமிலமும். அவர் விரலில் பட்டு, கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கையை உதறினார்.

"பேட்டரிதான்யா இது," என்றார்.

"இல்ல, இருக்கும், வேற..." என்றான் டெல்ராய்.

"ஒரு இடம்தான் டெல்ராய். காட்டிட்ட."

ஓரீதா அப்போதுதான் தலைக்கவசத்தைக் கழற்றினாள். அவள் சிரித்து நான் மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல சிரிப்பு இல்லை அது. நேராக அவன் வண்டிக்கு நடந்தாள். டிக்கியைத் தட்டினாள்.

"என் முறை. அதே இடம் மிஸ்டர் பூத். வலது பக்கத்துப் பேட்டரி."

டெல்ராய் டிக்கிக்குக் குறுக்கே வந்து நின்றான். "இதென்ன விளையாட்டு? ஓடுறதுன்னா ஓடலாம், நேரமாகுது."

"தள்ளிக்க," என்றார் மிஸ்டர் பூத்.

"அண்ணே, நான் சொல்றதை..."

"தள்ளிக்கடா."

மூடியை நெம்ப வேண்டிய அவசியமே இல்லை. தொட்டதும் கையோடு வந்தது. உள்ளே அமிலமும் இல்லை, ஈயமும் இல்லை. கறுப்பாக, கையகலத்தில் ஒரு பெட்டி. பக்கத்தில் பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மிஸ்டர் பூத் அதை வெளியே எடுத்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷம் அவன் பேச்சுக்குச் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது அவனைப் பார்த்து வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். எனக்கு அது இனித்தது, மறைக்க மாட்டேன்.

"எப்படித் தெரியும்?" என்றான் டெல்ராய்.

"தெரியாது. நீ எங்க ஒளிச்சிருக்கன்னு எனக்குத் தெரியாது. என் வண்டியில எங்க தேடுவன்னு பாக்கத்தான் இவ்வளவும்."

"உன் வண்டி திக்குச்சே. எல்லாரும் கேட்டாங்க."

அவள் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தாள். கையுறை போட்டுக்கொண்டு, சூடாக இருந்த ஸ்பார்க் பிளக்குகளில் இரண்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் போட்டாள். அவன் துள்ளிக் கீழே விட்டான். பிளக்கின் முனையில் இடைவெளி கன்னாபின்னாவென்று அகலமாக வளைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு இடைவெளி இருந்தால் டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும்போது தீப்பொறி அணைந்து அணைந்து வரும். எஞ்சின் திக்கும். பெட்டி திக்குவதுபோலவே திக்கும். அந்தச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று பழகிக்கொள்ளத்தான் அவள் குளிர்காலம் முழுக்கப் பெட்டியோடு ஓட்டினாள்.

"நீ தோத்துட்ட டெல்ராய். பேரை எடுத்துடலாம், வீட்டுக்குப் போங்க," என்றார் மிஸ்டர் பூத்.

"இல்ல," என்றாள் ஓரீதா. "அவன் ஓட்டணும். பெட்டி இல்லாம. நான் நல்ல பிளக் மாட்டிக்கிறேன். அன்னைக்கு என் காலைப் பத்திப் பேசினானே. அவன் காலை ஊர் பாக்கட்டும்."

டெல்ராய் மாட்டேன் என்றான். கூட்டம் விடவில்லை. அவன் ஆட்களே விடவில்லை. கடைசியில் ஏறி உட்கார்ந்தான்.

புறப்படும் கோட்டில் பச்சை விளக்கு விழுந்தது. அவன் பழக்கத்தில் அழுத்தி மிதித்தான். மிதித்த கால் மிதித்தபடியே இருந்தது, அதைத் தூக்கவேண்டும் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. பின்பக்கம் ஒருபுறமாக வாரிக்கொண்டு போனது, புகை எழுந்தது, வண்டி குறுக்கே திரும்பிப் புல்லில் போய் நின்றது. ஓரீதாவின் சக்கரமும் ஒரு தரம் பிடி விட்டது. அவள் காலைத் தூக்கினாள், வைத்தாள், மறுபடி தூக்கினாள், வைத்தாள். ஒரு திக்கல் இல்லாமல் கடைசி வரை போய்ச் சேர்ந்தாள்.

டெல்ராய் புல்லிலிருந்து நடந்து வந்தான். "பெயின்ட்தானே. நாளைக்குக் கடையில வச்சு அழிச்சிடறேன்," என்றான்.

"இப்ப. இங்க. நான் எடுப்பேன்."

கைக் கிரைண்டர் கொண்டு வந்திருந்தாள். என் மீன் வண்டியிலிருந்து கரன்ட் இழுத்தாள். வயர் கதவுக்கு எட்டவில்லை, இடையில் இன்னொரு வயரைச் சேர்க்க வேண்டியிருந்தது. சேர்த்த இடத்தை டெல்ராயின் கையில் கொடுத்து, "பிடி. கழண்டுச்சுன்னா முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்" என்றாள். அவன் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவசரமே படவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, தகரம் வெளுக்கும் வரை தேய்த்தாள். தீப்பொறி அவன் காலடியில் சிதறியது. ஒரு கதவு முடிந்ததும் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். அவனுக்குக் கொடுக்கவில்லை. பிறகு அடுத்த கதவு. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்து போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெல்ராய் இப்போது எங்கள் பாதைக்கு வருவதில்லை. பாட்டுக் குழுவிலும் இல்லை. அவன் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள், எனக்கு நஷ்டமில்லை.

வண்டிக்குப் பேர் எழுதுகிறவனிடம் மஞ்சள் பெயின்ட் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன், என் செலவில். அடுத்த ஞாயிறு ஓரீதா வந்தபோது பின் கண்ணாடி வெறுமையாகவே இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படியே. கேட்டுவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சுதே. பேரை எழுத வேண்டியதுதானே? அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

அவள் மீனில் காரச் சாஸை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அவன் திருடினான். அவனுக்குத் தண்டனை கொடுத்தாச்சு," என்றாள். "அவ போய் ஒரு வருஷம்கூட ஆகல எர்லீன். பத்துப் பேர் முன்னாடி ஒருத்தன் சீண்டினான். அவ பேரைத் தூக்கிப் பந்தயத்துல வச்சது யாரு?"

சாஸ் புட்டியை மூடி ஜன்னலில் வைத்தாள்.

"நான்தானே வச்சேன். எனக்கு யாரு கொடுக்குறது?"

ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போதும் ஞாயிறு தவறாமல் வந்து ஓட்டுகிறாள், பெரும்பாலும் ஜெயிக்கிறாள். வண்டிக்குப் பேர் இல்லாமல் மைக்கில் என்ன சொல்வது என்று மிஸ்டர் பூத்துக்குத் தெரியவில்லை. "வண்டி பேரு என்ன ஓரீதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். அவள் ஜன்னலை ஏற்றிக்கொள்கிறாள்.